மாணவர் தந்த வாக்குக்கு யார் பொறுப்பு?

கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முதுகலை படித்தவர் ரஸ்ஸல் ஆக்டன். எய்ட்ஸ் நோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் சாவதற்குப் பிறர் உதவியது பற்றியது அவருடைய ஆய்வு. அந்நாட்டில் அப்போது அப்படி உதவினால் 14 ஆண்டு வரை சிறை. கருணைச் சாவு கேட்டு வழக்குத் தொடுத்த சூ ராட்ரிகஸின் மனுவை உச்ச நீதிமன்றம் 1993-இல்தான் தள்ளுபடி செய்திருந்தது. நாடே இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

ஆக்டனிடம் சொன்னார்கள். யாரிடமும் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவர் உறுதி கொடுத்திருந்தார். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அந்த உறுதிமொழியைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்திருந்தது. மருத்துவர் துணையின்றி மறைவில் நடந்த பல முயற்சிகள் அரைகுறையாகி, நோயாளியின் வேதனையைக் கூட்டியிருந்தன என்ற உண்மை அந்த நேர்காணல்கள் வழியாகத்தான் வெளியே வந்தது. எந்தக் காவல்நிலையப் பதிவேட்டிலும் அது கிடைத்திருக்காது.

1994-இல் சம்மன் வந்தது. பெயர் தெரியாத ஒரு பெண்ணின் சாவை விசாரித்துக்கொண்டிருந்த வான்கூவர் மரண விசாரணை அதிகாரி, தகவல் தந்தவர்கள் யார் என்று கேட்டார். ஆக்டன் சொல்ல மறுத்தார். பல்கலைக்கழகத்திடம் உதவி கேட்டுப் போனார். தானே ஒப்புதல் தந்த உறுதிமொழிக்காக வாதாட அந்தப் பல்கலைக்கழகம் முன்வரவில்லை. இரக்கத்தின் பேரில் என்று சொல்லி 2,000 டாலரை மட்டும் கொடுத்தது. உரிமையோடு கேட்டவருக்கு உதவித்தொகை கொடுத்து அனுப்பியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஓர் ஆய்வு மாணவரின் கையில் என்ன பணம் இருக்கும்? சிறை என்றால் போகப்போவதும் அவர் ஒருவர்தான்.

ஆக்டன் அசையவில்லை. அவருடைய வழக்கறிஞர் நான்கு கேள்விகளை முன்வைத்து வாதாடினார். பேசியது நம்பிக்கையின் பேரிலா? அந்த நம்பிக்கை இல்லாமல் இந்த உறவு நிலைக்குமா? சமூகம் பேண வேண்டிய உறவா அது? வெளியிட்டால் வரும் நன்மையைவிடக் கேடு பெரிதா? நான்குக்கும் விடை ஆக்டன் பக்கமே இருந்தது. அவர் பெயர்களைச் சொல்ல மறுத்தது விசாரணையை அவமதித்தது ஆகாது என்று விசாரணை அதிகாரி லாரி கேம்ப்பெல் முடிவு சொன்னார். வழக்குச் செலவைக் கேட்டு ஆக்டன் பின்னர் பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குப் போட்டார். அதில் தோற்றார். ஆனால் நீதிபதி பல்கலைக்கழகத்தின் நடத்தையைக் கடுமையாகக் கண்டித்தார். அதற்குப் பிறகுதான், 1998-இல், அது மன்னிப்புக் கேட்டுச் செலவை ஏற்றது. அங்கேயே குற்றவியல் கற்பித்த டெட் பேலிஸ், ஜான் லோமன் என்ற இரு பேராசிரியர்கள் மாணவருக்காகத் தங்கள் நிர்வாகத்தையே விடாமல் கேள்வி கேட்டார்கள். ஆசிரியர்கள் என்றால் இவர்கள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதே சிக்கல் 2012-இல் ஒட்டாவா பல்கலைக்கழகத்துக்கு வந்தது, இன்னும் கடினமான உருவத்தில். மொன்ட்ரியாலில் நடந்த ஒரு கொடூரக் கொலையில் சந்தேகிக்கப்பட்டவர், பாலியல் தொழில் பற்றிய ஆய்வுக்காக 2007-இல் நேர்காணல் தந்தவராக இருக்கலாம் என்று தெரியவந்தது. அந்த நேர்காணலை எடுத்த முன்னாள் மாணவ உதவியாளரே காவல்துறைக்குத் தகவல் சொன்னார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கொலைச் செய்தியைப் படித்தவர் வேறென்ன செய்வார்? ஆய்வை நடத்திய பேராசிரியர்கள் இருவரும் நீதிமன்றம் போனார்கள். நேர்காணலைக் காவல்துறையிடம் தர வேண்டியதில்லை என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. இங்கே சுமையை மாணவரின் தலையில் விடாமல் ஆசிரியர்கள் தாங்கினார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதே சிக்கல் நாளை நம் ஊரிலும் வரலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. நம் சாட்சியச் சட்டம் வழக்கறிஞரும் கட்சிக்காரரும் பேசியதைக் காக்கிறது, கணவனும் மனைவியும் பேசியதைக் காக்கிறது. ஆய்வாளரிடம் சொன்னதற்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவோ, சிறார் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. கூர்நோக்கு இல்லத்தில் ஒரு பதினைந்து வயதுப் பையன், சின்ன வயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை ஆய்வு மாணவியிடம் சொல்லிவிட்டால், அதை அவள் மறைக்க முடியாது. முழு ரகசியம் என்று அவனுக்கு அவள் எழுதிக்கொடுத்திருந்தால் அது பொய்யாகிவிடும். எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்பதை அவன் பேசத் தொடங்கும் முன்பே அவனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அந்த வாசகத்தைக் கைடும் மாணவியும் முதல் நேர்காணலுக்கு முன் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். நாளை சம்மன் வந்தால் வக்கீலுக்கு யார் பணம் தருவது என்பதைத் துறைத்தலைவர் அப்போதே எழுத்தில் தர வேண்டும்.