வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்...

திருவொற்றியூர், எண்ணூர் குழுக் கூட்டங்களில் வயதான அம்மாக்கள் நம்மிடம் கேட்பது: "கடைசி காலத்துல மகன்தானே பாக்கணும், வீட்டை அவன் பேருக்கே எழுதிடலாமா?" அவசரப்படாதீங்க.

உயில் எழுதினால், உயிரோடு இருக்கும்வரை வீடு உங்களுடையது, மாற்றியும் எழுதலாம். செட்டில்மெண்ட் பத்திரம் பதிந்தால் பொதுவாக உரிமை அன்றே கைமாறிவிடும். செட்டில்மெண்ட்தான் என்றால், "சாப்பாடு, மருந்து, பராமரிப்பு பார்க்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்க. வாய்ப்பேச்சை நம்பி இருக்க வேண்டாம்.

60 வயதுக்கு மேல் இப்படி எழுதிக் கொடுத்தும் பிள்ளை கவனிக்காவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு, வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆலோசனைக்கு 14567 எண்ணில் பேசலாம்.

கையெழுத்துப் போடும் முன், பத்திரத்தைக் குழுவில் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்க.