முதலில் தண்ணீர், பிறகு மீன்!

சென்னை கொளத்தூர். ஞாயிற்றுக்கிழமை மாலை.

கடைக்குக் கடை கண்ணாடித் தொட்டிகள். உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று துள்ளி ஓடும் வண்ண மீன்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

"அப்பா! எனக்கு அந்தச் சிவப்பு மீன் வேணும்பா!"

பிள்ளை கேட்டால் மறுக்க முடியுமா? தொட்டி வாங்குகிறார்கள். கூழாங்கல் வாங்குகிறார்கள். அப்போதே மீனும் வாங்குகிறார்கள். அன்று இரவு வீட்டில் ஒரே கொண்டாட்டம்!

புதன்கிழமை ஒரு மீன் செத்து மிதக்கிறது. வெள்ளிக்கிழமை இன்னும் 2 மீன்கள். அடுத்த ஞாயிறு தொட்டி காலி. பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறது.

"இந்த வீட்டுக்கு மீன் ராசி இல்லை" என்கிறார் பாட்டி. தொட்டி பரண் மேல் ஏறிவிடுகிறது.

பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது. ஆனால் மீன் செத்ததற்கு ராசி காரணம் அல்ல. அவசரம்தான் காரணம்!

கண்ணுக்குத் தெரியாத விஷம்

மீன் தின்கிறது, கழிவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அடியில் கிடந்து அழுகுகிறது. இவற்றில் இருந்து அம்மோனியா என்ற பொருள் தண்ணீரில் கலக்கிறது. இது மீனுக்குக் கொடிய விஷம். செவுளைக் கெடுத்து, மூச்சை அடைத்துவிடும்.

தண்ணீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். ஆனாலும் அதில் அம்மோனியா இருக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் குளத்து மீன்கள் எப்படி உயிர் வாழ்கின்றன?

குளத்தில் தண்ணீர் அதிகம். அதோடு, அங்கே "நல்ல கிருமிகள்" இருக்கின்றன. ஒரு வகைக் கிருமி, அம்மோனியாவை நைட்ரைட் என்ற பொருளாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு வகைக் கிருமி, அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக மாற்றிவிடுகிறது. இதனால் அவ்வளவு கெடுதல் இல்லை. செடிகளுக்கு இது உரம்!

புதுத் தொட்டியில் இந்த நல்ல கிருமிகள் இல்லை. அவை கல்லிலும், வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால், விஷத்தில் விட்டது போலத்தான்.

உறை மோர் வைத்தியம்

பாலில் உறை ஊற்றிவிட்டு, தயிர் ஆகும்வரை காத்திருக்கிறோம் அல்லவா? மீன் தொட்டிக்கும் அப்படி ஒரு பக்குவம் உண்டு.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி, புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது. சுமார் 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தொட்டி சிறியதாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் கெட்டுவிடும். தண்ணீரின் எடை மட்டும் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆகவே உறுதியான மேசை வேண்டும்.

குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்ல குளோரின் கலக்கிறார்கள். வாய் அகன்ற வாளியில் பிடித்து, ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். பிறகு தொட்டியில் ஊற்றலாம்.

பஞ்சு வடிகட்டியையும், காற்று மோட்டாரையும் ஓட விடவேண்டும். தினம் ஒரு சிட்டிகை தீனியை, மீன் இல்லாத தொட்டியில் போட்டு வரவேண்டும். தீனி அழுகும், அதில் உண்டாகும் அம்மோனியாவைத் தின்று நல்ல கிருமிகள் பெருகும்.

நாளைக் குறைக்கவும் வழி இருக்கிறது. நோய் இல்லாத, நன்றாக நடக்கும் பழைய தொட்டி ஒன்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி வந்து போடலாம். அதுதான் உறை மோர்!

தண்ணீரைச் சோதிக்கும் மருந்து கடைகளில் கிடைக்கிறது. அம்மோனியாவும், நைட்ரைட்டும் இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகு மீன் வாங்கப் போகலாம்.

பட்டினியால் சாவதில்லை

வீட்டு மீன்கள் பட்டினியால் சாவது அபூர்வம். தீனி அதிகமாகிச் சாவதுதான் அதிகம்.

2 நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். அப்பா ஒரு தடவை, அண்ணன் ஒரு தடவை, தங்கை ஒரு தடவை என்று ஆளுக்கு ஒரு பிடி போட்டால் தண்ணீர் கெட்டுவிடும். தீனி போடும் வேலையை வீட்டில் ஒருவரே வைத்துக்கொள்வது நல்லது.

வாரம் ஒரு முறை, கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் போன புதுத் தண்ணீரை ஊற்றவேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் வைத்துக் கழுவக்கூடாது. கழுவினால் நல்ல கிருமிகள் செத்துவிடும். தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசினால் போதும்.

குட்டியைத் தின்னும் தாய்

புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்ற மீன், கப்பி. தென் அமெரிக்காவின் வட பகுதியும், திரினிடாட் தீவும் இதன் தாயகம். திரினிடாடில் வாழ்ந்த கப்பி என்ற இயற்கை ஆராய்ச்சியாளர், 19-ம் நூற்றாண்டில் இந்த மீனை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வைத்தார். அவர் பெயரே மீனுக்கு நிலைத்துவிட்டது.

கப்பி முட்டை இடுவதில்லை. குட்டி போடுகிறது! சுமார் 4 வாரத்துக்கு ஒரு முறை ஈனும். ஒரு ஈற்றில் 20, 30 குட்டிகள் சாதாரணம். ஆணுடன் ஒரு முறை சேர்ந்தால், அதன் பிறகு ஆண் இல்லாமலே பெண் மீன் பல மாதங்கள் குட்டி போடும்.

ஆனால் ஈன்ற தாயே குட்டிகளைத் தின்றுவிடும்! தன் குட்டி என்று அதற்குத் தெரியாது. வாய்க்கு அடங்கினால் இரைதான். ஆகவே தொட்டி நிறையப் பாசியும், செடியும் வேண்டும். குட்டிகள் அதற்குள் ஒளிந்து தப்பிக்கும்.

ஒரு ஆணுக்கு 2 அல்லது 3 பெண் என்ற கணக்கில் விடவேண்டும். ஆண் அதிகமானால், பெண்ணை ஓயாமல் துரத்தித் தொல்லை கொடுக்கும்.

காவல் காக்கும் தந்தை

தாய்லாந்து நாட்டு பைட்டர் மீனின் கதை நேர் மாறானது. 2 ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால், ஒன்று சாகும்வரைகூட சண்டை போடும். ஆனால் இந்த முரடன்தான் பொறுப்புள்ள தந்தை!

ஆண் மீன், வாயால் குமிழி விட்டு, தண்ணீரின் மேல் நுரைக்கூடு கட்டுகிறது. பெண் இடும் முட்டைகள் கீழே விழ விழ, அவற்றை வாயால் கவ்வி எடுத்து, கூட்டில் ஒட்ட வைக்கிறது. பெண்ணைக் கிட்டே வரவிடாமல் விரட்டுகிறது. அந்தச் சமயத்தில் பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றிவிடவேண்டும்.

ஓரிரு நாளில் முட்டை பொரியும். கூட்டில் இருந்து குஞ்சு விழுந்தால், தந்தை கவ்வி வந்து மறுபடியும் கூட்டில் விடும். மேலும் 2, 3 நாளில் குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கும். அப்போது தந்தையையும் மாற்றிவிடவேண்டும். அதன் பிறகு அதை நம்ப முடியாது!

மீன் வளர்ப்பவர்கள், காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதுமை இலையை இந்த மீனின் தொட்டியில் போடுவது வழக்கம். தண்ணீர் தேயிலை நிறம் ஆகிவிடும். பைட்டருக்கு அது பிடிக்கும்.

சுமக்கும் தாய்

குழம்பில் போடும் இறாலை எல்லோருக்கும் தெரியும். அழகுக்கு வளர்க்கும் இறாலும் இருக்கிறது!

அதில் எளிதாக வளர்வது செர்ரி இறால். ஒரு அங்குலம்தான் இருக்கும். இதன் மூதாதைகள் கிழக்கு ஆசியாவின் ஓடைகளில் வாழ்பவை. நிறம் மங்கலான பழுப்பு. அவற்றில் சிவப்பு கூடியவற்றைத் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கி, இன்றைய பழச் சிவப்பைக் கொண்டு வந்தார்கள். மஞ்சள், நீலம் எல்லாம் இப்படி வந்தவைதான். பல நிறங்களை ஒரே தொட்டியில் கலந்து விட்டால், சில தலைமுறையில் மறுபடியும் பழுப்பே தலைகாட்டும்.

இந்தப் பொறுமைக்குப் பெயர் பெற்றவர், ஜப்பானைச் சேர்ந்த ஹிசயாசு சுசுகி. 1990-களில், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட இறால்களுக்கு நடுவே தென்பட்ட சிவப்புப் பட்டை இறாலில் இருந்து ஒரு புது இனத்தையே உருவாக்கினார். "கிரிஸ்டல் ரெட்" என்ற பெயரில் அது உலகம் எங்கும் பரவியது.

செர்ரி இறாலின் தாய், முட்டைகளை வயிற்றுக்கு அடியில் சுமக்கிறது. 20, 30 முட்டைகள் இருக்கும். சின்னக் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். சுமார் 3, 4 வாரம் இந்தச் சுமை. பிறகு, தாயின் வடிவத்திலேயே கடுகு போன்ற குட்டிகள் வெளிவரும்.

இறால் வளர வளர, பழைய ஓட்டைக் கழற்றிவிடும். தொட்டிக்குள் வெறும் ஓடு கிடந்தால், இறால் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த ஓட்டை எடுத்து எறியவும் வேண்டாம். இறால்களே அதைத் தின்றுவிடும்.

செம்பு ஆகாது!

இறாலுக்குப் பெரிய எதிரி, செம்பு. செப்புக் குடத்தில் வைத்த தண்ணீர் வேண்டாம். மீன் நோய்க்கான சில மருந்துகளில் செம்பு கலந்திருக்கிறது. அதை ஊற்றினால் மீன் பிழைக்கும், இறால் சாகும்.

கொசு மருந்தும் ஆபத்து. மருந்து அடிக்கும்போது தொட்டியை மூடி, காற்று மோட்டாரையும் நிறுத்திவிடவேண்டும். இல்லாவிட்டால் அறையில் உள்ள மருந்தை அது தண்ணீருக்குள் இழுத்துவிடும். மருந்து நெடி போனதும் மறக்காமல் மோட்டாரைப் போடவேண்டும்.

அடுத்தது வெயில். தண்ணீர் சூடானால் அதில் உள்ள காற்றின் அளவு குறையும். 30 டிகிரிக்கு மேல் போனால் இறால் தவிக்கும். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? தண்ணீர் ஆவியாகிப் போவதால்தான். அதே போல, தொட்டித் தண்ணீரின் மேல் சிறிய மின்விசிறியின் காற்று படும்படி வைத்தால் சூடு சில டிகிரி குறையும்.

ஏரியில் விடலாமா?

"வளர்க்க முடியவில்லை, ஏரியில் விட்டுவிடலாம். பாவம், பிழைத்துப் போகட்டும்!" என்று சிலர் நினைக்கிறார்கள். இது புண்ணியம் அல்ல.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன் இதற்கு உதாரணம். கடையில் விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல் போகும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன், இன்று தமிழ்நாட்டு ஏரிகளிலும் புகுந்துவிட்டது. உடல் முழுவதும் கவசம் போன்ற தோல். வலையில் சிக்கினால் வலை கிழியும். மீனவர்களுக்குக் காசும் கிடைப்பதில்லை.

ஆகவே வேண்டாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். ஏரி, கிணறு, ஆறு எதிலும் விடக்கூடாது.

ஒரு மாதம் காத்திருங்கள்!

வீட்டில் பரண் மேல் பழைய தொட்டி இருக்கிறதா? இறக்கிக் கழுவுங்கள். சோப்பு மட்டும் வேண்டாம். தண்ணீரை நிரப்புங்கள். நாள்காட்டியில் தேதியைக் குறித்து வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

"இன்னும் எத்தனை நாள்?" என்று தினமும் கேட்பான். கேட்கட்டும். 4, 5 வாரம் கழித்து, தண்ணீர் பக்குவமான பிறகு, அவன் கையாலேயே மீனை விடச் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில், பாசிக்கு நடுவே ஏதோ அசையும். "அம்மா! குட்டி போட்டிருக்கு!" என்று கத்துவான்.

மீன் ராசி இல்லை என்று சொன்ன பாட்டியும், மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு ஓடி வருவார்!