சிறு தொகையில் விளையாட்டுக் கணினி: விபரக்கூற்றை வாசித்து உதிரிகளைத் தெரிதல்

கணினி ஒன்றின் விபரக்கூற்றைத் தந்து, பிரதான நினைவகத்தின் கொள்ளளவு யாது, கடிகார வேகத்தைக் குறிப்பது எது எனக் கேட்டால் மாணவர்கள் பெரும்பாலும் சரியாக விடை எழுதிவிடுகின்றனர். அதே விபரக்கூறு கடைக்காரரின் விலைப்பட்டியலாகக் கைக்கு வரும்போதுதான் தடுமாறுகின்றனர். பரீட்சையில் தவறினால் ஒரு புள்ளி போகும். கடையில் தவறினால் என்ன போகும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

சாதாரண தரம் எழுதி முடித்த என் மாணவன் ஒருவன், தகப்பன் கட்டிய சீட்டுக்காசு கைக்கு வந்த கிழமை ஒரு கடைத்துண்டோடு வகுப்புக்கு வந்தான். மேலே "கேமிங் பீசி" என்று போட்டிருந்தது. கீழே: கோர் ஐ7, 3.4 கிகாஹேட்ஸ்; 16 கிகாபைற்று றாம்; 4 கிகாபைற்று வீஜீஏ; 1 டெராபைற்று ஹாட் டிஸ்க்; 600 உவாற்று பவர் சப்ளை. ஒவ்வோர் எண்ணும் பெரிய எண். "சேர், ஐ7 எண்டால் ஐ3 ஐ விடப் பெரிசுதானே?" என்று கேட்டான். நான் கலைப் பட்டதாரி. கணினியை ஒழுங்காகத் தொட்டதே பல்கலைக்கழகத்திற்குப் போன பிறகுதான். ஆனாலும் அந்தத் துண்டில் ஒரு குறை உடனே தெரிந்தது. எந்தப் பொருளுக்கும் முழு மாதிரி எண் எழுதப்படவில்லை. கடைக்குத் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். புரொசசர் ஐ7-2600, வீஜீஏ ஜீரி 730 என்று பதில் வந்தது.

முதலில் புரொசசரை, அதாவது மத்திய செயற்பாட்டு அலகை எடுப்போம். ஐ7-2600 என்பது 2011 இல் வெளிவந்தது. 2022 இல் வெளிவந்த ஐ3-12100எஃப் ஐ அதன் அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 4 கருக்கள், 8 இழைகள். அடிப்படைக் கடிகார வேகம் பழையதில் 3.4 கிகாஹேட்ஸ், புதியதில் 3.3 கிகாஹேட்ஸ். எண்ணை மட்டும் பார்த்தால் பழையதே வெல்கிறது. ஆனால் கடிகார வேகம் என்பது செக்கனுக்கு எத்தனை துடிப்புகள் என்பதை மட்டுமே கூறும்; ஒரு துடிப்பில் எத்தனை அறிவுறுத்தல்கள் முடிகின்றன என்பதைக் கூறாது. ஒரே நேரத்தில் ஒரே எண்ணிக்கையில் மண்வெட்டி போடும் இருவருள் ஒருவர் ஒவ்வொரு வெட்டிலும் இரு மடங்கு மண் அள்ளினால் வாய்க்காலை முதலில் முடிப்பவர் யார்? புதிய ஐ3 அப்படிப்பட்டது. பதுக்கு நினைவகமும் 8 மெகாபைற்றிலிருந்து 12 ஆகக் கூடியுள்ளது. மேலும், விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலின் 8 ஆம் தலைமுறைக்கு முந்திய புரொசசர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடுவதற்கு உரியவை. தலைமுறையை அதன் பின்னால் வரும் எண்ணிலேயே பார்க்க வேண்டும்.

எண்ணின் இறுதியில் வரும் எழுத்தையும் அவதானிக்குக. "எஃப்" என முடியும் இன்டெல் புரொசசரில் உள்ளமைந்த வரைவியல் இல்லை. வீஜீஏ அட்டை இன்றி அதை வாங்கினால் திரையில் படமே வராது.

இனி அந்த 4 கிகாபைற்று வீஜீஏ. வரைவியல் அட்டையை நினைவகக் கொள்ளளவால் அளப்பதே இப்பகுதியில் விடப்படும் மிகப் பெரிய தவறு எனலாம். வேலையின் அளவை முதலில் கணிப்போம். 1920 × 1080 திரையில் 2,073,600 பிக்சல்கள் உள்ளன. செக்கனுக்கு 60 சட்டகங்கள் வேண்டுமாயின் ஒவ்வொரு செக்கனும் 12 கோடிக்கு மேற்பட்ட பிக்சல்களுக்கு நிறம் கணிக்க வேண்டும். ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் 1000 ÷ 60, ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். இந்த வேகத்துக்குத் தரவு வந்துசேர வேண்டும். ஜீரி 730 இன் 64 பிற்று டீடீஆர்3 வகையில் தரவுப் பாட்டையின் அகலம் 8 பைற்று. செக்கனுக்கு 180 கோடி இடமாற்றங்கள். பெருக்கினால் 14.4 கிகாபைற்று. 2021 இல் வந்த ரேடியன் ஆர்எக்ஸ் 6600 இல் பாட்டை 128 பிற்று, அதாவது 16 பைற்று; இடமாற்றங்கள் 1400 கோடி. பெருக்கினால் 224 கிகாபைற்று. பதினைந்து மடங்கிற்கு மேல் வித்தியாசம்! ஒடுங்கிய குழாய் பொருத்திய பெரிய தண்ணீர்த் தாங்கி போன்றதுதான் அந்த 4 கிகாபைற்று.

விளையாட்டுக்கென்றே கட்டும் கணினியில் நூறு ரூபாவில் முப்பத்தைந்து, நாற்பது ரூபா வரை வரைவியல் அட்டைக்குப் போவது நியாயமே. பளபளக்கும் கேசிங்குக்குப் போவது நியாயமல்ல.

பவர் சப்ளையைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இதில் நானே பட்டவன். மிக மலிவானதொன்றைப் பூட்டி, ஒரு மழை நாளில் அது தாய்ப்பலகையையும் கூட்டிக்கொண்டு போயிற்று. விஞ்ஞான பாடத்தில் படித்த சமன்பாடே இங்கு போதும்: வலு = வோல்ற்றளவு × மின்னோட்டம். புரொசசரும் வரைவியல் அட்டையும் பெரும்பாலும் 12 வோல்ற்று வழியிலிருந்தே வலுப் பெறுகின்றன. புரொசசருக்கு 65 உவாற்று, ஆர்எக்ஸ் 6600 இற்கு 132 உவாற்று, ஏனையவற்றுக்கு 50 எனக் கொண்டால் ஏறத்தாழ 250 உவாற்று. 12 ஆல் வகுத்தால் 21 அம்பியர். மாணவனின் துண்டிலிருந்த 600 உவாற்று அலகின் பக்கத்து ஒட்டியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். 12 வோல்ற்று வழியில் 18 அம்பியர் என்றிருந்தது. 12 × 18 = 216 உவாற்று. 600 என்பது பெட்டிக்கு வெளியே மட்டும்! புரொசசர் சிறிது நேரம் கூடுதலாக இழுக்கும் என்பதால், நேர்மையான 450 அல்லது 500 உவாற்று அலகு ஒன்றே இவ்வளவு பொருட்களுக்குப் பொருத்தமானது. 80 பிளஸ் சான்று இருந்தால் நல்லது, ஆயினும் அது வினைத்திறனுக்கான சான்றே. மின் தடங்கலிலிருந்து காக்கும் என்று அதற்குப் பொருளில்லை.

றாமில் 16 கிகாபைற்று போதும். ஆனால் ஒரு 16 ஆக அல்லாது இரண்டு 8 ஆக வாங்குக. டீடீஆர்4-3200 இன் ஒரு வழி செக்கனுக்கு 25.6 கிகாபைற்று தரும். இரு வழிகளிலும் அட்டை இருந்தால் 51.2. தாய்ப்பலகை டீடீஆர்4 ஆயின் டீடீஆர்5 அதில் இறங்காது, வெட்டு வேறிடத்தில் உள்ளது. 2025 இன் இறுதியில் நினைவகங்களின் விலை வெகுவாக ஏறியதால், விலையை வாங்கும் அன்றே கேட்டுக்கொள்வது நல்லது. சேமிப்பகத்துக்கு ஹாட் டிஸ்க்கை விட்டு எஸ்எஸ்டீ ஒன்றை எடுக்கலாம். அது சட்டக வேகத்தைப் பெரிதாகக் கூட்டாது, காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும்.

அந்த மாணவனிடம் இருந்த தொகைக்கு ஆர்எக்ஸ் 6600 எட்டவில்லை. ஆகவே ரைசன் 5 5600ஜீ, பீ550 தாய்ப்பலகை, இரண்டு 8 கிகாபைற்று றாம், 500 உவாற்று அலகு என்று மாற்றினோம். 5600ஜீ இல் வரைவியல் உள்ளமைந்தது. இடையில் தனி அட்டை வேண்டியதில்லை. ஆனால் அது பிரதான நினைவகத்தையே பகிர்ந்து பயன்படுத்தும், எனவே இரு வழி றாம் இங்கு கட்டாயமாகிறது. இதிலும் ஓர் இழப்பு உண்டு: ஜீ இல்லாத 5600 இல் 32 மெகாபைற்று மூன்றாம் மட்டப் பதுக்கு நினைவகம், இதில் 16 மட்டுமே. பின்னர் அட்டை பூட்டினாலும் சில விளையாட்டுகளில் சற்றுப் பின்தங்கும். அவன் அதை அறிந்தே வாங்கினான். இப்போது பாரமில்லாத விளையாட்டுகளைத் தாழ்ந்த அமைப்பில் விளையாடுகிறான். அட்டைக்குக் காசு சேர்க்கிறான். உயர்தரப் பாடக் குறிப்புகளும் அதே கணினியில்தான்.

பயிற்சி: பின்வரும் விபரக்கூற்றில் கணினி இயங்காமைக்கான இரு காரணங்களைக் குறிப்பிடுக. ரைசன் 5 5600. டீடீஆர்4 மட்டும் ஏற்கும் பீ450 தாய்ப்பலகை. டீடீஆர்5 8 கிகாபைற்று × 2. 500 கிகாபைற்று எஸ்எஸ்டீ. 500 உவாற்று வலு வழங்கி. தனி வரைவியல் அட்டை இல்லை.

விடை: (1) நினைவக வகை தாய்ப்பலகைக்குப் பொருந்தாது. (2) 5600 இல் உள்ளமைந்த வரைவியல் இல்லை; தனி அட்டையும் இல்லாததால் திரையில் படம் வராது. பீ450 தாய்ப்பலகையின் பயோஸ் பழையதாயின் 5600 ஐ அடையாளங் காணாது, அதனை இற்றைப்படுத்த வேண்டும் என எழுதியவருக்கும் புள்ளி வழங்குக.