லோன் கட்டலைன்னா அக்கவுண்ட்ல இருக்கிற பணத்தை எடுத்துடுவாங்களா?

"நாளைக்குள்ள கட்டலைன்னா உங்க அக்கவுண்ட்டை ஃப்ரீஸ் பண்ணிடுவோம்." லோன் ஆப் ஏஜென்ட்டுகள் போனில் மிரட்டுவது இப்படித்தான். பயந்துபோய் இன்னொருத்தர்கிட்ட வட்டிக்கு வாங்கிக் கட்டுறதுக்கு முன்னாடி, சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துடுவோம்.

கடன் கொடுத்த தனியார் யாரும் நேரா பேங்க்குக்குப் போய் உங்க பணத்தை எடுக்க முடியாது. வழக்கு போட்டு, கோர்ட் உத்தரவு வாங்கினாதான் பேங்க் பணத்தை நிறுத்தி வைக்கும். ஆனா ஆட்டோ டெபிட்டுக்கு நீங்களே சம்மதம் கொடுத்திருந்தா, தவணைப் பணம் தானாகவே போகும்.

கோர்ட்டாலும் எல்லாத்தையும் ஜப்தி பண்ண முடியாது. 1908-ம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60 சிலதுக்கு விலக்கு கொடுக்குது:

• தொழிலாளியின் கூலி. கப்பலூர் சிட்கோ பட்டறையில் வேலை செய்யும் வெல்டர், ஹெல்பர் கூலியும் இதில் வரும்.
• அரசு பென்ஷன், பி.எஃப்.
• மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும். சம்பளம் 16,000 என்றால் 11,000-ஐத் தொட முடியாது. 5,000 வரைதான் பிடிக்கலாம். ஜீவனாம்ச வழக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பென்ஷன் பணத்தை டெபாசிட்டில் போட்டா விலக்கு போயிடுமா? போகாது. பஞ்சாப் நேஷனல் வங்கி தொடர்பான வழக்கில், பென்ஷனும் கிராஜுவிட்டியும் ஃபிக்ஸட் டெபாசிட்டா மாறினாலும் ஜப்தி செய்யக் கூடாதுன்னு 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேற இடம். கடன் கொடுத்த பேங்க்கிலேயே உங்க அக்கவுண்ட்டும் இருந்தா, கோர்ட் இல்லாமலே பேங்க் நிலுவைக்குக் கழிச்சுக்கலாம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பிச்சப்போ, வந்த 1,000 ரூபாயையே சில வங்கிகள் மினிமம் பேலன்ஸ் கட்டணத்துக்கு எடுத்தன. அப்படி எடுக்கக் கூடாதுன்னு நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளிடம் சொல்ல வேண்டி வந்தது.

அதனால கடன் ஒரு பேங்க்கில் இருந்தா, சம்பளமும் பென்ஷனும் வேற பேங்க்கில் தனி அக்கவுண்ட்டில் வரட்டும். வேற பணம் கலக்காம இருந்தா, எது எந்தப் பணம்னு பாஸ்புக்கே காட்டும்.

கோர்ட் நோட்டீஸ் வந்தா மட்டும் சும்மா இருக்காதீங்க. விலக்கு இருக்குன்னு நாமதான் மனு போட்டுச் சொல்லணும். வக்கீல் வைக்க வசதியில்லைன்னா சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100-க்குக் கூப்பிடலாம். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. வீட்ல இந்த நம்பரைச் சொல்லி வைங்க.