பெட்டிக்கும் கதவு எண் உண்டு
ரவுட்டரைப் பற்றி நாமும் தெரிந்துகொள்வோம்



போன மாதம் நமது கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு வாரமாக இன்டர்நெட் சரியாக இல்லை. வரும், உடனே போய்விடும். மூன்று குழுக்களின் கடன் விண்ணப்பத்தை வங்கிக்கு அனுப்ப முடியாமல் அப்படியே தங்கிவிட்டது. ஆளைக் கூப்பிட்டோம். வந்தவர் கால் மணி நேரம் பார்த்தார். புதிதாக வாங்கிய பிரிண்டருக்கு, ரவுட்டர் பெட்டியின் எண்ணையே யாரோ கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஒரு எண்ணை மாற்றினார், சரியாகிவிட்டது.

"இம்புட்டுதானாண்ணே?" என்று நம்ம ஊக்குநர் அக்கா கேட்டார். "இம்புட்டுதாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, வந்து போன செலவை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு எண்ணுக்காக ஒரு வாரம் வீணானது நமக்கெல்லாம் வருத்தம்தான். சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாக் கணக்கையும் நாமே எழுதப் பழகியவர்கள்தானே நாம்? இதையும் பழகிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

ஐபி முகவரி என்றால் என்ன?

கம்ப்யூட்டர், செல்போன், பிரிண்டர், ரவுட்டர் என்று இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முகவரி வேண்டும். இதைத்தான் ஐபி முகவரி என்கிறார்கள். நாம் அதிகம் பார்ப்பதில் நான்கு எண்கள் இருக்கும், நடுவில் புள்ளி வைத்திருக்கும். உதாரணம்: 192.168.1.20. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரைதான் இருக்கலாம்.

இதோடு 'மாஸ்க்' என்று ஒன்று வரும். பெரும்பாலும் 255.255.255.0 என்று இருக்கும். முகவரியில் தெரு எது, கதவு எண் எது என்று பிரித்துக் காட்டுவது இதன் வேலை. மேலே சொன்ன உதாரணத்தில் 192.168.1 என்பது தெரு, 20 என்பது கதவு எண். இந்தத் தெருவில் 1 முதல் 254 வரை எண் கொடுக்கலாம். 0 தெருவையே குறிக்கும். 255 தெருவில் உள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதற்கு. அதனால் இந்த இரண்டையும் எந்தப் பெட்டிக்கும் கொடுக்கக்கூடாது.

"எங்க வீட்டிலயும் 192.168 தான் இருக்கு, ஆபீஸிலயும் அதுதான் இருக்கு, எப்படி?" என்று கேட்கலாம். கம்பத்திலும் வடக்குத் தெரு இருக்கிறது, கூடலூரிலும் வடக்குத் தெரு இருக்கிறது. அந்தந்த ஊருக்குள் குழப்பம் இல்லையே. அதுபோல 192.168, 10 என்று தொடங்கும் எண்களை அவரவர் அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ள ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் வந்தால், கடிதம் யாருக்குப் போகும்? நமக்கு நடந்தது அதுதான்.

மூன்றாவது, 'கேட்வே'. நம்ம பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீர் வயலுக்கு வருவது மடை வழியாகத்தானே. அதுபோல வெளியே போகிற தகவலும், உள்ளே வருகிற தகவலும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. அந்த வாசல்தான் கேட்வே. பெரும்பாலும் ரவுட்டரின் எண்தான் கேட்வே எண். அதைத் தப்பாகப் போட்டால், அலுவலகத்துக்குள் பிரிண்ட் வரும், வெளியே மெயில் போகாது.

முகவரியே இல்லாத பெட்டியிடம் எப்படிப் பேசுவது?

வீட்டுக்கு வாங்கும் ரவுட்டரில் கம்பெனியே ஓர் எண் போட்டு, அடியில் ஒட்டி அனுப்பும். கோபுரத்திலும் பெரிய அலுவலகத்திலும் வைக்கிற பெட்டிகள் பல, முகவரியே இல்லாமல்தான் வரும். முகவரி இல்லாத வீட்டுக்குத் தபால் போட முடியாது. நேரில் போய்த்தான் பேச வேண்டும். அப்படி நேரில் பேசுகிற வாசலுக்குப் பெயர் 'கன்சோல்'.

பெட்டியின் பின்புறம் கன்சோல் என்று எழுதிய துளை இருக்கும். அதற்கென்று உள்ள கேபிளைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒரு சின்ன மென்பொருளைத் திறந்தால், கறுப்புத் திரையில் பெட்டி எழுத்தாகப் பேசும். இரண்டும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். பல பெட்டிகளுக்கு 9600, சிலவற்றுக்கு 19200 அல்லது 115200. வேகம் பொருந்தாவிட்டால், கும்மியில் தாளம் தப்பியது மாதிரி, திரையில் கிறுக்கலாக வரும். பயப்பட வேண்டாம், பெட்டி கெடவில்லை. வேகத்தை மாற்றிப் பாருங்கள்.

பேச ஆரம்பித்ததும் செய்ய வேண்டியவை: பெட்டிக்குப் பெயர், புது பாஸ்வேர்டு, ஐபி முகவரி, மாஸ்க், கேட்வே. கடைசியாகச் 'சேமி' என்று கட்டளை கொடுக்க வேண்டும். பல பெட்டிகளில் இதை மறந்தால் கரண்ட் போனதும் போட்டதெல்லாம் அழிந்துவிடும்.

நம்ம தேனியிலேயே நடந்தது

இது ஏதோ பட்டணத்து விஷயம் என்று நினைக்காதீர்கள். 2005 வாக்கில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, நம்ம மாவட்டத்தில் கம்பியில்லா இணைப்பு அமைத்தார்கள். தேனி மருத்துவமனையோடு ஐந்து கிராமப்புறக் கண் பரிசோதனை மையங்களை இணைத்தார்கள். மொத்தம் 11 ரவுட்டர்கள், 9 இணைப்புகள். ஆண்டிபட்டிப் பக்கம் போன இணைப்பு மட்டும் சுமார் 15 கிலோமீட்டர். சில பெட்டிகள் உயரமான கோபுரத்தில், ஒன்று ஆலையின் புகைபோக்கியில் இருந்தது.

மையத்தில் பரிசோதனை செய்தவர்களில் கிராமத்திலிருந்து பயிற்சி பெற்று வந்த பெண்கள் பலர். கண்ணைப் பரிசோதித்து விவரத்தை அவர்கள் அனுப்ப, தேனியிலிருந்த டாக்டர் திரையிலேயே நோயாளியிடம் பேசினார். பஸ் ஏறி ஒரு நாள் கூலியை விடாமல், பாட்டிகளுக்குத் தங்கள் ஊர்ப்பக்கத்திலேயே பதில் கிடைத்தது.

அதில் வந்த சிரமங்களையும் அவர்கள் 2008-ல் எழுதி வெளியிட்டார்கள். மோசமான மின்சாரம்தான் பெட்டிகளை அதிகம் கெடுத்தது. அடுத்து, தூரத்தில் உள்ள பெட்டியின் முகவரியோ வழியோ தப்பானால், இங்கிருந்து அதை எட்ட முடியாது, யாராவது அங்கேயே போக வேண்டும். அதனால் பக்கத்துப் பெட்டியிலிருந்தாவது எட்டிப் பிடிக்க, தானாகவே அமைகிற இன்னொரு முகவரியையும் வைத்தார்கள். முன்வாசல் பூட்டிக்கொண்டால் கொல்லைவாசல் இருக்கட்டும் என்பது போல. உள்ளூர் ஆட்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் அந்த இணைப்பு நிலைத்ததற்கு முக்கியக் காரணம்.

நாம் செய்ய வேண்டியது

இப்போது பாரத்நெட் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வருகிறது. இ-சேவை மையம் நடத்துகிற நம் சகோதரிகளும் இருக்கிறார்கள். ஆகவே:

1. தீர்மான நோட்டு மாதிரி, 'முகவரி நோட்டு' ஒன்று போடுங்கள். எந்தப் பெட்டிக்கு எந்த எண், யார் போட்டது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். புதிய பெட்டி வந்தால் நோட்டைப் பார்த்து, யாருக்கும் இல்லாத எண்ணைக் கொடுங்கள்.

2. கம்பெனி போட்ட பாஸ்வேர்டைக் கட்டாயம் மாற்றுங்கள். புதியதை எழுதி உறையில் ஒட்டி, பீரோவில் வையுங்கள். வெளியாளிடம் மட்டும் இருக்கக்கூடாது. வங்கிப் புத்தகத்தை வெளியாளிடம் கொடுப்போமா?

3. கம்ப்யூட்டரில் 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால், ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதலில் கேபிளைப் பாருங்கள், பிறகு ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.

4. 'பிங்' என்று அடித்து கேட்வே எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரை சரி, சிக்கல் அதற்கு அப்பால். வராவிட்டால் முதலில் அலுவலகத்துக்குள் தேடுங்கள்.

5. டெக்னீசியன் வரும்போது இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "என்ன மாத்துனீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

நமது அலுவலகத்தில் முகவரி நோட்டு போட்டாகிவிட்டது. முதல் வரியில் ரவுட்டர், இரண்டாவதில் பிரிண்டர். தங்கியிருந்த மூன்று விண்ணப்பங்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. அடுத்த கிளஸ்டர் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் மையத்தின் நோட்டையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து சரிபார்ப்போம்.