பூட்டாத வைஃபை: பிறர் செய்த குற்றம் நம் வாசலுக்கு வரலாம்



பிறர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம் இது. ஆனால் வாசலைத் தொடாமலேயே வீட்டுக்குள் வரும் வழி ஒன்று இன்று இருக்கிறது. அது வைஃபை. வெளிநாட்டில் இருக்கும் உறவுகளோடு பேசவும், பிள்ளைகளின் படிப்புக்கும் மரக்காணத்தில் நாமும் இணைப்பு எடுக்கிறோம். அதைப் பூட்டி வைத்திருக்கிறோமா?

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்ட அப்பாவிகள் உயிரிழந்தனர். அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று தேடிய காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக்குப் போய் நின்றது. அவருக்கும் அந்தக் கொடுமைக்கும் தொடர்பில்லை. அவருடைய வைஃபை பாதுகாப்பின்றி இருந்ததால், வேறு யாரோ அதில் நுழைந்து அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் விசாரணையிலிருந்து அவர் தப்ப முடியவில்லை; கணினிகளும் சோதனைக்குப் போயின. இதையடுத்து 2009 பிப்ரவரியில், வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்தியது.

ஏன் இப்படி நடக்கிறது? ஒரு வீட்டில் பத்து போன்கள் இருந்தாலும், வெளியுலகுக்கு அவை பொதுவாக ஒரே இணைய முகவரியாகத்தான் தெரியும். அந்த முகவரி யாருடையது என்று கேட்டால், இணைப்பு எடுத்தவரின் பெயரைத்தான் நிறுவனம் சொல்லும். எனவே முதலில் தட்டப்படுவது அவருடைய கதவு. சந்தேகம் ஒருமுறை விழுந்தால் அதைத் துடைக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதை நம் சமுதாயத்திற்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வைஃபை என்பது ரேடியோ அலை. அது சுவரோடு நிற்காது. தெருவில் நிற்பவரின் போனுக்கும் எட்டும். அலையைத் தடுக்க முடியாது. ஆனால் அதில் போகும் செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி சங்கேதமாக மாற்றலாம். அந்தப் பூட்டுகளில் பழையது டபிள்யூஇபி. அதை எளிதில் உடைக்கலாம் என்பது 2001லேயே தெரிந்துவிட்டது. 2004ல் டபிள்யூபிஏ2 வந்தது; 2018ல் டபிள்யூபிஏ3 வந்தது. டபிள்யூபிஏ2விலும் ஒரு குறை இருப்பதை 2017ல் பெல்ஜியத்தில் உள்ள ஆய்வாளர்கள் காட்டினார்கள். மென்பொருளைப் புதுப்பித்ததன் மூலம் அது சரிசெய்யப்பட்டது. வரப்பை ஒருமுறை கட்டிவிட்டோம் என்று உப்பளத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. மழை விட்டதும் போய்ப் பார்த்து மண் அணைக்கிறோம். ரவுட்டரையும் அப்படித்தான் கவனிக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும்.

2. பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். போன் நம்பர், பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி வேண்டாம்.

3. ரவுட்டரின் அமைப்புக்குள் போவதற்குத் தனி பாஸ்வேர்டு உண்டு. பெட்டியோடு வந்த அதையும் மாற்றுங்கள்.

4. மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள்.

5. பாஸ்வேர்டு பலருக்குத் தெரிந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். விருந்தாளிகளுக்குத் தனி இணைப்பு வைக்கும் வசதி இருந்தால் அதைக் கொடுங்கள்.

வெளியூர் போகும்போது இன்னொரு எச்சரிக்கை தேவை. ரயில் நிலையத்திலோ விமான நிலையத்திலோ போனில் தெரியும் வைஃபை பெயரை நம்பிவிடக் கூடாது. எந்தப் பெயரையும் யாரும் வைக்கலாம். அத்தகைய இணைப்பில் வங்கி வேலையைச் செய்யாமல் சொந்த மொபைல் டேட்டாவைப் பயன்படுத்துவதே நல்லது.

சிம் கார்டும் நம் பெயரில் இருக்கும் இணைப்புதான். நம் பெயரில் எத்தனை மொபைல் எண்கள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். நமக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். எவ்வளவு நல்ல பூட்டு இருந்தாலும், ஓடிபி எண்ணை நாமே சொல்லிவிட்டால் பயனில்லை. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டு வைஃபையை அனுமதியின்றி உடைத்துப் பயன்படுத்துவது விளையாட்டு அல்ல. அது பிறர் உரிமையில் கை வைப்பது. நேர்மையற்ற நோக்கத்தோடு பிறர் கணினிக்குள்ளோ வலையமைப்புக்குள்ளோ நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66வது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நம் குடும்பத்தின் பேச்சும் படங்களும் நம்மிடம் உள்ள அமானிதம். அடுத்தவர் வீட்டுடையதும் அப்படியே. ரவுட்டரில் இவற்றைச் செய்யத் தெரியாத தாய்மார்களும் பெரியவர்களும் நம் அறக்கட்டளையில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நம் இளைஞர்கள் வந்து செய்து தருவார்கள்.