சிறுநீரகத்தில் தோன்றும் நிணநீர்ப் புற்று: கண்டறிதலும் சிகிச்சையும் – உளுந்தூர்பேட்டை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சிறுநீரகக் கட்டிகளுள் மிகச் சிலவே நிணநீர்ப் புற்றாக அமைகின்றன. அவற்றுக்கு உரிய சிகிச்சை அறுவை அன்று, மருந்தே. எனவே சிறுநீரகத்தை அகற்றும் முன் எந்தச் சூழலில் திசு ஆய்வு தேவை என்பதையும், அதன்பின் தொடரும் சிகிச்சையையும், பெருமருத்துவமனைகளுக்குத் தொலைவில் வாழும் நோயாளியின் நிலையிலிருந்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிணநீர்ப் புற்று, லிம்போமா, சிறுநீரகம், திசு ஆய்வு, ரிடக்சிமாப், உளுந்தூர்பேட்டை.

முன்னுரை

சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலத்துக்குச் செல்லும் சாலை பிரியும் இடம் உளுந்தூர்பேட்டை. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இவ்வூர் அடங்கும். இங்கு ஒருவருக்கு விலாவலியோ சிறுநீரில் குருதியோ கண்டு, ஸ்கேன் படத்தில் சிறுநீரகக் கட்டி தென்பட்டால், அவர் மேற்கே 2022இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம், வடகிழக்கே முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ அதற்கும் அப்பால் புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்லலாம், சென்னைக்கும் செல்லலாம். எங்குச் சென்றாலும் முதலில் எழும் வினா ஒன்றே: கட்டியை அகற்றுவதா, அது யாதென அறிவதா?

இவ்வினா எழுவதற்குக் காரணம் உண்டு. சிறுநீரகத் திசுவிலேயே தோன்றும் வழக்கமான புற்றுக்கு அறுவையே முதன்மை மருத்துவம். படத்தின் தோற்றமே பெரும்பாலும் போதிய சான்றாகக் கொள்ளப்படுவதால், ஊசியிட்டுத் திசு எடுக்காமலே அறுவை செய்வது நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் பெரும்பாலார்க்குப் பொருந்தும். நிணநீர்ப் புற்று உடையவர்க்கோ இழக்க வேண்டாத ஓர் உறுப்பை இழக்கச் செய்யும்.

நோயின் இயல்பு

'நிணம்' என்னும் சொல் பழந்தமிழில் கொழுப்பைக் குறித்தது. குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து செல்லும் நீர்மத்துக்கு நிணநீர் என்ற கலைச்சொல் அமைந்தது பொருத்தமே. அந்நீர்மத்தில் உலவும் வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுவதே லிம்போமா. இயல்பான சிறுநீரகத்தினுள் நிணத்திசு இல்லை. ஆகவே அங்கேயே லிம்போமா தோன்ற இயலுமா என்னும் ஐயம் மருத்துவ நூலோரிடையே நீடித்து வந்துள்ளது. உடலின் பிறவிடங்களில் தோன்றிய லிம்போமா சிறுநீரகத்துக்குப் பரவுவது அரிதன்று. சிறுநீரகத்தில் மட்டுமே காணப்படுவதுதான் அரிது. திசுவில் லிம்போமா உறுதிப்படுதல், அடைப்பின்றிச் சிறுநீரகம் பெருத்திருத்தல், கண்டறியும் வேளையில் வேறெங்கும் நோய் இல்லாதிருத்தல் ஆகியவை அதற்குரிய அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. வளர்ந்தோரிடம் மிகுதியாகக் காணப்படும் வகை, பரவிய பெரிய பி-உயிரணு லிம்போமா ஆகும்.

கண்டறிதல்

நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பில் சிறுநீரகங்கள் பொதுவாகச் சுருங்கும். நீரிழிவு முதலிய சில நோய்களில் அளவு குறையாதிருப்பதும் உண்டு. ஆனால் கிரியாட்டினின் உயர்ந்துகொண்டே போக, இரு சிறுநீரகங்களும் அடைப்பேதுமின்றிப் பெருத்துக் காணப்படின், வெள்ளணுக்கள் உள்ளே ஊடுருவியுள்ளனவா என்று ஐயுற வேண்டும். ஒரே கட்டியாக இருப்பின் சி.டி. ஸ்கேன் சில குறிப்புகளைத் தரும். வழக்கமான சிறுநீரகப் புற்று பெரும்பாலும் குருதி நாளங்கள் மலிந்தது. மாறுபடுபொருள் செலுத்தியதும் பளிச்செனத் தெரியும். லிம்போமா ஒருசீராக, மங்கலாகத் தோன்றும். குருதி நாளங்களை நசுக்காமல் சூழ்ந்து படரும். இவை ஐயத்துக்கு அடிப்படையாகுமே அன்றி முடிவாகா.

முடிவைத் தருவது திசு ஆய்வு. நுண்ணூசியால் உறிஞ்சப்படும் உயிரணுக்கள் வகைப்பாட்டுக்குப் பெரும்பாலும் போதா. தடித்த ஊசியால் திசுத்துண்டுகள் எடுக்கப்பட வேண்டும். அவற்றில் சிடி-20 என்னும் புரதம் (சி.டி. ஸ்கேனுக்கும் இதற்கும் தொடர்பில்லை) இருந்து, சைட்டோகெராட்டின் இல்லாதிருப்பின் பி-உயிரணு லிம்போமாவை நோக்கிச் செல்லலாம். இங்கே ஒரு பொறி உண்டு. சிறுநீரகப் புற்றின் அடையாளமாகப் பயன்படும் பேக்ஸ்-8 சாயம், சிலவகை எதிர்ப்பொருளைக் கொண்டு செய்யும்போது பி-உயிரணுக்களிலும் படியும். அதனை மட்டும் நம்பினால் லிம்போமா சிறுநீரகப் புற்றாக மாறிவிடும்.

திசு எடுக்கும் முன் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. எந்தச் சோதனையையும்விட இது முதன்மையானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வலிக்கோ காய்ச்சலுக்கோ டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டால் லிம்போமா உயிரணுக்கள் விரைந்து மடியும். கட்டி சுருங்கும், நோயாளி தேறியதாக எண்ணுவார், எடுக்கும் திசுவில் நோய் தெளிவாகத் தெரியாது. சில வாரங்களில் கட்டி மீளும். காய்ச்சல், இரவு வியர்வை, எடை இழப்பு ஆகியவை காசநோய்க்கும் பொதுவானவை. கிருமிச் சான்றோ திசுச் சான்றோ இன்றிக் காசநோய் மருந்து தொடங்குவதும் இவ்வாறே காலத்தை விழுங்கும்.

நோய் உறுதியானபின் பெட்-சி.டி., எலும்பு மச்சைச் சோதனை, எல்.டி.எச். அளவு, எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி பி சோதனைகள் ஆகியவை தேவை. இறுதியாகக் கூறியது சடங்கன்று. ரிடக்சிமாப் மருந்து, உறங்கிக் கிடக்கும் அவ்வைரஸை எழுப்பிவிடக் கூடும்.

சிகிச்சை

ரிடக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோலோன் ஆகிய ஐந்தும் சேர்ந்த ஆர்-சாப் முறையே பெரிய பி-உயிரணு வகைக்கு நிலையான சிகிச்சை. 21 நாள்களுக்கு ஒரு சுற்றாக, வழக்கமாக 6 சுற்றுகள் தரப்படும். அமெரிக்காவில் 1997இல் ஏற்பு பெற்ற ரிடக்சிமாபின் உயிரொப்பு மருந்தை 2007இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் வெளியிட்டது. எட்டாத விலையிலிருந்த மருந்து இந்நாட்டில் பரவலாக வழி திறந்தது அப்போதுதான்.

முதற்சுற்றே இடர் மிக்கது. உயிரணுக்கள் ஒரேயடியாக மடிந்து யூரிக் அமிலத்தையும் பொட்டாசியத்தையும் குருதியில் கொட்டும். அவற்றை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமோ நோயுற்றது. எனவே போதிய நீர்மமும் அலோபுரினால் அல்லது ராஸ்பரிகேசும் முன்னரே தொடங்கப்படும். தேவைப்படின் குருதிச் சுத்திகரிப்பும் உடன் நிகழும். ஊடுருவிய அணுக்கள் மடிந்ததும் சிறுநீரகம் மீண்டு, சுத்திகரிப்பை நிறுத்திய நோயாளிகள் உண்டு. செயலிழப்பு இருக்கிறது என்பதே சிகிச்சையைக் கைவிடக் காரணமாகாமைக்கு இதுவே சான்று.

சிறுநீரகத்திலோ அண்ணீரகச் சுரப்பியிலோ உள்ள லிம்போமா மூளைக்கும் தண்டுவடத்துக்கும் பரவும் வாய்ப்பு மிகுதி. அவ்வாய்ப்பைக் கணிக்கும் சி.என்.எஸ்.-ஐ.பி.ஐ. அளவீட்டின் 6 கூறுகளுள் இதுவும் ஒன்று. தடுப்புக்கென உயரளவு மெத்தோட்ரெக்சேட் தருவதிலோ சிக்கல்: அம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. தருவதா, எப்போது தருவதா என்பதை நோயாளியைப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து மும்முறை ஊர் மாறி மருத்துவமனை சேர்பவரிடம் பெரும்பாலும் அறிக்கைத் தாள்கள் மட்டுமே இருக்கும். அவை போதா. திசு பதிக்கப்பட்ட பாரஃபின் கட்டையையும் கண்ணாடி வில்லைகளையும் முதல் ஆய்வகத்திலிருந்து கேட்டுப் பெற்று எடுத்துச் செல்ல வேண்டும். அவை இருப்பின் மறுமுறை ஊசி குத்தாமலே புதிய சாயங்கள் இட்டுப் பார்க்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர், புதுச்சேரி தனி ஆட்சிப்பகுதி என்பதால், அங்குச் செல்லும் முன் அட்டையின் பயன்பாட்டைக் கேட்டறிதல் நன்று.